சாமித்தோப்பில் தலைப்பாகை ஏன்? அய்யா வைகுண்டர் வரலாறு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கடற்கரைக்காற்று:
என் மனைவிக்கு ஊர் சேலம். இந்த வருஷம் கன்னியாகுமரி மாவட்டம் சாமித்தோப்பில் அய்யாவின் அவதார நாளான மாசி 20 ஊர்வலத்துக்கு அவளையும் கூட்டிப் போனேன். சட்டையைக் கழற்றிவிட்டு நான் தலைப்பாகை கட்டியதையும், பள்ளியறையில் (கருவறையில்) சிலை இல்லாமல் கண்ணாடி இருந்ததையும் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்கிறாள். அய்யாவின் வாழ்க்கையை முறையாகச் சொல்ல முடியுமா? திருவிதாங்கூர் ராஜா அவரைச் சிறையில் அடைத்தது நிஜமா?

பனங்காட்டு மாமா:
தம்பி, பிறந்தது 1809. பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைக்கு இப்படி ஒரு பெயரா என்று மேல்சாதிக்காரர்கள் எதிர்த்ததால் முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று. பெயருக்கே அந்தக் கதி என்றால் மற்றதை யோசித்துப் பாருங்கள்: திருவிதாங்கூரில் நம் ஆட்கள் தலையில் துணி கட்டக் கூடாது, பெண்கள் மாராப்பு போடக் கூடாது, தலைக்கு வரி, பனையேறும் ஏணிக்கு வரி, காலில் மாட்டும் தளைக்கும் வரி. 1833இல் திருச்செந்தூர் கடலில் இறங்கிய முத்துக்குட்டி வைகுண்டராக வெளியே வந்தார் என்பது நம் நம்பிக்கை. அப்படி வந்தவர்தான், எதைக் கட்டக் கூடாது என்றார்களோ அதைக் கட்டிக்கொண்டு சாமி முன்னால் நில் என்றார். நெற்றியில் நாமம், தலையில் பாகை. உங்கள் மனைவிக்கு இதை முதலில் சொல்லுங்கள்.

நாஞ்சில்மகன்:
சிறை நிஜம்தான். சுவாதித் திருநாள் ராஜாவாக இருந்த காலம். திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் வைத்திருந்தார்கள், 1839இல் விட்டார்கள். வந்த கையோடு சுமார் 700 குடும்பங்களைக் கடலோரத்தில் வாகைப்பதியில் துவையல் தவசுக்கு உட்கார வைத்தார்: குளிப்பது, துணி துவைப்பது, சைவச் சாப்பாடு. அழுக்கு என்று ஒதுக்கப்பட்ட சனங்களுக்கு அவர் கொடுத்த பாடம் அது. லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழியச் சங்கத்தின் அறிக்கைகளிலும் முத்துக்குட்டி என்ற பெயர் வருகிறது, அதனால் வெறும் கதை என்று யாரும் தள்ளிவிட முடியாது.

தென்தாமரை:
மாமா சொன்னது எல்லாம் சரி. ஆனால் அவரைச் சமூக சீர்திருத்தவாதி என்று மட்டும் சொல்லி முடித்தால் எனக்கு மனசு ஒப்பவில்லை. அய்யாவின் சீடர் ஹரிகோபாலன் எழுதிய நம் புனித நூலான அகிலத்திரட்டு, ராஜாவைக் கலிநீசன் (கலியின் கொடியவன்) என்றே சொல்கிறது. அதில் யுகக் கணக்கும் வரிக் கொடுமையும் சேர்ந்தேதான் வரும், பிரிக்க முடியாது. கண்ணாடியும் அப்படித்தான், முன்னால் விளக்கு எரிய உன் முகமே தெரியும், இறைவன் உனக்குள்ளே என்று அர்த்தம். சாமித்தோப்பு முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியும் ஒன்றாகத் தண்ணீர் கோரியதும் அதே நினைப்பில்தான். 1851இல் அய்யா வைகுண்டம் ஏகினார். கார்த்திகையில் 17 நாள் திருஏடு வாசிப்பு, அதாவது அகிலத்திரட்டு வாசிப்பு, இருக்கிறது, அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் அண்ணே.