கழகத்திடம் கொஞ்சக் காசு இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்கு உருப்படியாக என்ன செய்யலாம்?

வன்னிப்பெடியன்

வணக்கம் எல்லாருக்கும். மாங்குளம் பக்கம் ஒரு சின்ன சேவைக் கழகத்தில் இருக்கிறேன். கடைக்காரர், வயல் செய்கிற ஆட்கள், இரண்டு மூன்று அரசாங்க உத்தியோகத்தர்கள், அவ்வளவுதான் நாங்கள். வருஷா வருஷம் கொப்பி, பை, சப்பாத்து கொடுப்போம், பிள்ளைகளை வரிசையாக நிற்பாட்டிப் படம் எடுப்போம், முகநூலில் போடுவோம், முடிந்தது கதை. இந்த முறை தலைவர், கொடுக்க முதல் ஒருக்கால் பள்ளிக்கூடத்துக்காரரையே கேட்போமே என்று சொல்லி, பக்கத்து அதிபர் ஒருவரை மாதாந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்.

அதிபர் அம்மா ஒரு மணித்தியாலம் கதைத்தா. கூரை, மேசை, கதிரை கேட்பா என்று நினைத்துக்கொண்டு இருந்தோம். 2009க்குப் பிறகு மீள்குடியேற்றத்தோடு வந்த நிறுவனங்கள் கட்டடம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டன, வகுப்பறை காணாது என்று அவ ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னதெல்லாம் ஆட்களைப் பற்றித்தான். கணித ஆசிரியர் இடமாற்றத்தில் போய்விட்டார், பதிலுக்கு ஆள் வரவில்லை, விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்தான் கணிதத்தையும் இழுத்துக்கொண்டு போகிறார். ஆங்கில ஆசிரியர் பேரளவில் இருக்கிறார், கிழமையில் பாதி நாள் இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு இணைப்பு. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளி தாண்டுகிற பிள்ளை கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய்விடும், வசதி உள்ள வீட்டுப் பிள்ளை பரீட்சை எழுதாமலே போய்விடும், மிஞ்சுவது கூலி வேலைக்குப் போகிற குடும்பங்களின் பிள்ளைகள். அப்புறம் ஒன்று சொன்னா, அது என்னைப் பிடித்துக்கொண்டது. 2020, 2021இல் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது முதலாம், இரண்டாம் தரத்தில் இருந்த பிள்ளைகள்தான் இப்போது மேல் பிரிவுக்கு ஏறி வந்திருக்கிறார்கள். நகரத்துப் பிள்ளை சூமில் படித்தது, எங்கள் பக்கம் சிக்னலுக்கு மரத்தில் ஏற வேண்டும். அதில் சில பிள்ளைகள் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள், வரலாற்றுப் புத்தகத்தை எப்படிப் படிப்பார்கள்?

கையில் மூன்று லட்சம் அளவில் இருக்கிறது. ஒருவர் ஸ்மார்ட் போர்ட் என்கிறார், ஒருவர் புலமைப்பரிசில் கருத்தரங்கு என்கிறார், மிச்சப் பேர் பேசாமல் கொப்பியே கொடுப்போம் என்கிறார்கள். பள்ளிக்கூடத்தோடு புழங்கினவர்கள் சொல்லுங்கள்.

---

ரொறன்ரோக்காரன்

தம்பி, நல்ல விஷயம். ஸ்மார்ட் போர்டே சரி என்பது என் அபிப்பிராயம். ஆசிரியர் இல்லாவிட்டால் வீடியோ போட்டாவது படிப்பிக்கலாம்தானே, காசு காணாவிட்டால் மிச்சத்தை இங்கே இருக்கிற பழைய மாணவரிடம் சேர்த்துத் தரலாம். இஞ்சை ஆட்களுக்கு ஒரு பொருளைக் காட்டினால்தான் காசு வரும், சும்மா ‘கல்வி மேம்பாடு’ என்றால் ஒருவரும் தர மாட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன்.

---

ஏ9 ரீச்சர்

அண்ணா, கோபிக்க வேண்டாம், அந்தப் போர்டை முதலில் விடுங்கள். நான் வேலை செய்கிற இடத்தில் ஒன்று இருக்கிறது. ஒட்டியிருந்த பொலித்தீன் இன்னும் முழுதாக உரிக்கப்படவில்லை, ஒரு மூலை மட்டும் யாரோ சுரண்டிப் பார்த்திருக்கிறார்கள். கரண்ட் கூடிக் குறைந்து ஏதோ ஒன்று எரிந்துபோய், திருத்த ஆள் கொழும்பிலிருந்து வர வேண்டும் என்று நிற்கிறது. இப்போது அதன் மேல் விளையாட்டுப் போட்டி இல்லக் கொடிகள் காய்கின்றன.

ஆசிரியர் ஏன் நிற்பதில்லை என்று ஒருவரும் எங்களைக் கேட்பதில்லை, அதனால் நானே சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து மாங்குளம் 90 கிலோமீற்றருக்கு மேல். நாலே முக்காலுக்கு வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும், ஏ9 வீதியில் இறங்கி உள்ளே போக இன்னொரு பஸ், அது வராவிட்டால் யாராவது மோட்டார் சைக்கிளில் ஏற்றினால் உண்டு, ஏழரைக்குக் கையெழுத்து. ஒன்றரைக்கு மணி அடித்ததும் ஓட வேண்டும், அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று கடவுளுக்குத்தான் தெரியும். பதினோராம் தரத்துக்குப் பின்னேர வகுப்பு வையுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வைக்க எனக்கும் விருப்பம்தான். நான் நின்றால் எனக்குப் போக பஸ் இல்லை, பிள்ளை நின்றால் பிள்ளைக்கும் போக பஸ் இல்லை. பிறகு என்ன வகுப்பு? வெளிமாவட்டச் சேவைக்காலம் முடிகிற நாளை எல்லாரும் கலண்டரில் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்கள், நானும்தான், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆனால் கிழமை நாட்களில் அங்கேயே தங்க ஒரு இடம் இருந்தால் பாதிப் பேர் தங்குவோம். ஆசிரியர் விடுதி என்று ஒன்று அநேகமான பள்ளிக்கூட வளவில் இருக்கும், உங்கள் அதிபரிடம் கேட்டுப் போய்ப் பாருங்கள். எங்களுடையது இரண்டு அறை, ஒரு குசினி. பின் கதவின் கொண்டி கழன்று கம்பியால் சுற்றிக் கட்டியிருக்கிறது. மேலே தண்ணீர்த் தாங்கி இருக்கிறது, கிணற்றிலிருந்து ஏற்ற மோட்டர் இல்லை, குளியலறையில் பல்ப் இல்லை, வேலி ஒரு பக்கம் விழுந்து கிடக்கிறது, இரவில் யானை வருகிற ஊர். இருபத்தாறு இருபத்தேழு வயதுப் பெண் பிள்ளைக்கு முதல் நியமனம் அங்கே, எந்த அம்மா விடுவா? ஒரு மோட்டர், நல்ல பூட்டு, லைற், வேலி, ஒரு காஸ் அடுப்பு. உங்கள் மூன்று லட்சத்தில் இதில் பெரும்பகுதி முடியும். அங்கே இரண்டு பேர் தங்கினாலே பின்னேர வகுப்பு தானாக நடக்கும், எழுத்துக் கூட்டுகிற பிள்ளைகளை விடுதித் திண்ணையிலேயே இருத்தி வாசிக்க விடலாம்.

---

குஞ்சக்கா

ரீச்சர் சொல்வது சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் ரீச்சர் தங்கினாலும் பிள்ளை போய்ச் சேர வேண்டுமே. என்ரை மகள் ஒன்பதாம் தரம். காலமை பஸ் இருக்கிறது, வெள்ளைச் சட்டையைக் கண்டால் நிற்பாட்ட மாட்டான், பருவச்சீட்டுப் பிள்ளையால் அவனுக்கு என்ன லாபம்! அதனால் சைக்கிள்தான்.

சைக்கிளும் ஒரு கழகம் தந்ததுதான், நன்றி சொல்ல வேண்டும், குறை சொல்லவில்லை. கிரவல் ரோட்டில் நாலைந்து மாதம் ஓடச் செயின் தளர்ந்தது, பிறகு பின் ரயர் வெடித்தது, அந்த அளவு ரயர் எங்கள் சந்திக் கடையில் இல்லை. கிளிநொச்சிக்குப் போய் வாங்க ஒரு நாள் கூலி போகும். அப்படியே முருங்கையில் சாத்தி வைத்ததில் துருப்பிடித்துவிட்டது. எங்கள் ஒழுங்கையில் மட்டும் இப்படிச் சாத்தி வைத்த சைக்கிள் எத்தனை என்று வந்து பாருங்கள். புதுச் சைக்கிள் ஒன்றும் தர வேண்டாம். சைக்கிள் கடைக்காரப் பெடியன் ஒருவனுக்குக் காசு கட்டி, மாதத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒட்டு, பிரேக், செயின் பார்த்துக் கொடுக்கச் சொன்னால் காணும், ரயர் ரியூப் கொஞ்சம் மொத்தமாக வாங்கி அதிபரின் அறையில் வைத்தால் இன்னும் நல்லம்.

இன்னொன்று சாப்பாடு. அரசாங்கச் சாப்பாடு பெரும்பாலும் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான். மேல் வகுப்புப் பிள்ளைகள் வெறும் தேத்தண்ணியோடு வந்து, இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் போய் நிற்கும், தங்கச்சியின் தட்டில் இருந்து சாப்பிட வெட்கம். அறுவடைக் காலத்தில் பெடியள் வராமல் விடுவதும் இதனால்தான். வயலுக்குப் போனால் காசும் வரும், மத்தியானச் சோறும் வரும்.

---

ஓய்வுபெற்ற அதிபர்

நான் வவுனியா வடக்கிலும் துணுக்காய் வலயத்திலும் வேலை செய்தவன், அந்த அனுபவத்தில் சில விஷயம் சொல்கிறேன்.

காசை ஒருபோதும் அதிபர் கையில் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். நாளைக்குக் கணக்காய்வில் அவர்தான் மாட்டுப்படுவார். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாகப் போங்கள், பொருள் கொடுத்தால் பதிவேட்டில் ஏற்றினதைப் பார்த்துவிட்டு வாருங்கள், விடுதித் திருத்தம் என்றால் வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வைத்து அனுமதி எடுங்கள். கடிதத்துக்குப் பதில் வரப் பிந்தும், கழகத்தில் இருக்கிற உத்தியோகத்தர் ஒருவர் நேரில் போய் இருந்தால் வேகமாக வரும், இது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

புலமைப்பரிசில் கருத்தரங்கு வேண்டவே வேண்டாம். அதற்கு ஏற்கெனவே பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். அதில் சித்தியடைகிற பிள்ளை உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிற பிள்ளை, போகட்டும், சந்தோஷம், ஆனால் நீங்கள் கேட்டது மிஞ்சி நிற்கிற பிள்ளையைப் பற்றி அல்லவா?

மிஞ்சுகிற பிள்ளைக்குக் கணிதம்தான் கதவு. பதினோராம் தரத்தோடு எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையில் கணிதமும் தாய்மொழியும் சேர்த்து ஆறு பாடம் சித்தி, அதில் மூன்று திறமைச் சித்தி என்பதுதான் உயர்தரத்துக்கு வழமையான வழி. 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வி இருக்கிறது, சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் அதில் தொழிற் பாடங்களோடு தொடரலாம், ஆனால் அது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இல்லை. மாவட்ட ஒதுக்கீட்டைப் பற்றி நம்மவர் பெருமையாகக் கதைப்பார்கள். பல்கலைக்கழக அனுமதியில் பல பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு, அதில் வன்னியின் நாலு மாவட்டமும் இருக்கிறது. சரி, ஆனால் பதினோராம் தரத்தில் கணிதத்தில் விழுந்த பிள்ளைக்கு அந்த 55ஆல் என்ன, 5ஆல் என்ன? விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பள்ளிக்கூடம் எத்தனை மைல் தள்ளி இருக்கிறது என்று அந்த அதிபரிடம் கேட்டுப் பாருங்கள்.

பஸ் விஷயத்துக்குக் காசே தேவையில்லை. மாணவருக்கான ‘சிசு சரிய’ பஸ் சேவையைத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு நடத்துகிறது, உங்கள் பாதைக்கு ஒன்று கேட்டு அதிபரும் பெற்றோரும் கழகமும் சேர்ந்து எழுதுங்கள். டிப்போவுக்கும் ஒரு பிரதி. இந்த மாதிரி வேலைக்குத்தான் கழகம், கொப்பி கொடுக்க ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

---

அறிவியல்நகர்

கிளிநொச்சியில் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படிக்கிறேன். கணிதம் படிப்பிக்க எங்கள் ஆட்களைப் பிடிக்கலாம், சனிக்கிழமை வரலாம், பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் தந்தால் போதும். ஆனால் முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன், எங்களை மட்டும் நம்பித் தொடங்காதீர்கள். பரீட்சை வந்தால் ஒரு மாதம் காணாமல் போவோம், பிறகு புதிதாக வேறொருவன் வந்து பின்னத்திலிருந்து தொடங்குவான், பிள்ளைக்கு அலுத்துவிடும். தமிழில் படிப்பிக்கக்கூடியவர்களும் எல்லா வருஷமும் ஒரே அளவில் இருக்க மாட்டார்கள். அங்கே தங்கி நிற்கிற ரீச்சர் ஒருவர் இருந்து, அவர் சொல்கிற பாடத்தை நாங்கள் வந்து பயிற்சி செய்விப்பது என்றால் சரிவரும்.

---

ரொறன்ரோக்காரன்

போர்டின் மேல் கொடி காய்கிற கதை வாசித்துச் சிரித்தேன், நாங்கள் அனுப்பினதில் ஒன்றாக இருக்கக் கூடாது. சரி தங்கச்சி, நீங்கள் சொல்கிறபடியே வைத்துக்கொள்வோம். ஆனால் விடுதிக்குப் பூட்டு வாங்க என்று இங்கே எப்படிக் காசு கேட்பது? ஆட்கள் படம் கேட்பார்களே.

---

ஏ9 ரீச்சர்

வேலிக்கு முதல் ஒரு படம், பிறகு ஒரு படம் எடுத்து அனுப்பலாம் அண்ணா. பிள்ளைகளை வெயிலில் நிற்பாட்டாமல் இருந்தால் சரி.

---

வன்னிப்பெடியன்

எல்லாருக்கும் நன்றி. இன்று பின்னேரம் தலைவரோடு போய் அதிபரைக் கண்டோம், விடுதியையும் பார்த்தோம். ரீச்சர் சொன்னதற்கு இது பரவாயில்லை, கொண்டி இருக்கிறது, ஆனால் கூரையில் இரண்டு ஓடு இல்லை, கிணற்றுக் கட்டு வெடித்திருக்கிறது. ஒரு அறையில் பழைய விடைத்தாள்களும் உடைந்த கதிரைகளும். சுத்தம் செய்கிற வேலையைச் சிரமதானமாக நாங்களே செய்யலாம் என்று தலைவர் சொன்னார், அதற்கு வர ஆள் இருக்கிறது, காசு போடத்தான் ஆள் குறைவு.

என் யோசனை இப்படி: முக்கால்வாசிக் காசு விடுதிக்கு, மிச்சத்தில் குஞ்சக்கா சொன்ன சைக்கிள் வேலை. சந்தியில் கடை வைத்திருக்கிற பெடியனிடம் கதைத்தேன், மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வரலாம், கூலி பெரிதாக வேண்டாம் என்றான், சாமானுக்கு மட்டும் முற்பணம் கேட்கிறான். பஸ் கடிதத்தை நான் எழுதுகிறேன், ஐயா ஒருக்கால் பார்த்துத் திருத்தித் தர வேண்டும். சாப்பாட்டுக்கு எங்கள் காசு ஒரு தவணைக்கும் காணாது, அதனால் இப்போது அதைத் தொடவில்லை. குஞ்சக்கா கோபிக்கக் கூடாது.

ஸ்மார்ட் போர்ட் கேட்ட உறுப்பினர் இன்னும் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் திரிகிறார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதை வைக்க வேண்டும். தண்ணீர் மோட்டர் என்ன விலை போகிறது என்று வவுனியாப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது விசாரித்துப் போடுங்கள்.

---

குஞ்சக்கா

கோபம் ஒன்றும் இல்லை தம்பி. மோட்டர் வாங்க முதல் அந்தக் கிணற்றில் ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் நிற்குமா என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். எங்கள் பக்கம் பாதிக் கிணறு அப்போது வற்றிவிடும்.