கான்ஃபிகர் கோப்பை கிட்டில் சேர்க்கலாமா?

ஜூரோங் மணி:
நம் சொல்திருத்தியின் மூல நிரலை கிட்டிலிருந்து (நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் களஞ்சியம்) புதிதாக இறக்கினால், கணினியைச் சோதித்து பில்டுக்கு, அதாவது நிரலை ஓடும் மென்பொருளாக்கும் வேலைக்கு, தயார்செய்யும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் இருக்காது. அதை உருவாக்கத் தேவையான ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல் கருவிகள் எல்லாம் நிறுவி, அவற்றை வரிசையாக இயக்கும் ஆட்டோரீகான்ஃப் ஓட்டிய பிறகுதான் வேலையே தொடங்கும். போன சனிக்கிழமை சிங்கப்பூர் தேக்கா பக்கம் கூடினோமே, பாலிடெக்னிக் மாணவி ஒருத்தி இரண்டு மணி நேரம் இதிலேயே போராடிவிட்டு ஒரு வரிகூட எழுதாமல் வீட்டுக்குப் போனாள். மனசு கேட்கவில்லை. உருவான கான்ஃபிகரையும் கிட்டிலேயே போட்டுவிடலாம்.

யீஷூன் வாணி:
வேண்டாம் மணி அண்ணா. அவள் கிளம்பிய பிறகு அதே கணினியில் நான் பார்த்தேன். ஆட்டோரீகான்ஃப் சத்தமில்லாமல் முடிகிறது. கான்ஃபிகர்தான் பாதியில் தொடரியல் பிழை என்று நிற்கிறது. அந்த வரியைத் திறந்தால் பிகேஜி_செக்_மாட்யூல்ஸ் என்ற மேக்ரோ (முழு நிரலாக விரிய வேண்டிய சுருக்கச் சொல்) விரியாமல் அப்படியே கிடக்கிறது. தேவையான நூலகங்கள் கணினியில் உள்ளனவா என்று தேடும் பிகேஜி-கான்ஃபிக் கருவியை நிறுவாததால் அந்த மேக்ரோ, மேக்ரோக்களை விரிக்கும் எம்4-க்குத் தெரியவில்லை. தெரியாத சொல்லை அது தொடாமல் விட்டுவிடும். நிறுவினேன், ஐந்தே நிமிடத்தில் பில்ட் ஆனது. தொடக்க வேலைகளைச் செய்யும் பூட்ஸ்ட்ராப் ஸ்கிரிப்ட் முதலிலேயே இதைச் சோதித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூரோங் மணி:
கான்ஃபிகர் கிட்டில் இருந்திருந்தால் அந்த மேக்ரோ ஏற்கெனவே விரிந்திருக்கும், தங்கச்சி. பிகேஜி-கான்ஃபிக் இல்லை என்று அதுவே தெளிவாகச் சொல்லியிருக்கும்.

யீஷூன் வாணி:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோப்புகளின் நேரத்தை கிட் காப்பாற்றாது. இறக்கும் கணத்தின் நேரம்தான் எல்லாவற்றுக்கும் விழும், முன்பின்னாக. ஆட்டோமேக்கின் மூலக் கோப்பான மேக்ஃபைல்.ஏஎம், அதிலிருந்து உருவான கோப்பைவிட ஒரு நொடி புதிதாகத் தெரிந்தாலும் போதும், பில்டை நடத்தும் மேக் உடனே ஆட்டோமேக்கைத் தேடும். ஆக்லோக்கல்-1.15 (ஆட்டோமேக்கின் ஒரு பகுதி) இல்லை என்ற பிழையை எத்தனை பேர் பார்த்திருப்போம்!

பிடோக் வாசகன்:
எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் ரகசியப் பின்கதவு வைத்த விவகாரத்தை மறந்துவிட்டீர்களா? 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற நிரலாளர் அதை வெளியில் சொன்னார். உள்நுழைவு அரை நொடி தாமதமானதைத் துருவிப் போய்க் கண்டுபிடித்தார். 5.6.0, 5.6.1 பதிப்புகளின் டார் கோப்புகளில் (வெளியீட்டுக்காகக் கட்டித் தரும் மூல நிரல் பொதி) இருந்த பில்ட்-டு-ஹோஸ்ட்.எம்4 என்ற மேக்ரோ கோப்புதான் பின்கதவை எழுப்பிவிட்டது. யாரும் படிக்காத கோப்பில்தான் இப்படி ஒளிக்க முடியும்.

ஜூரோங் மணி:
அந்த எம்4 கிட்டில் இல்லையே! டாரில் மட்டும்தான் இருந்தது. கிட்டில் போட்டிருந்தால் யார் கண்ணிலாவது பட்டிருக்கும். என் கட்சிக்குத்தான் அது சாட்சி.

யீஷூன் வாணி:
யார் கண்ணில் அண்ணா? கான்ஃபிகர் ஆயிரக்கணக்கான வரி. ஒருவர் ஆட்டோகான்ஃப் 2.69 வைத்திருப்பார், இன்னொருவர் 2.71. மாற்றி மாற்றி உருவாக்கினால் ஒவ்வொரு கமிட்டிலும் (கிட்டில் பதியும் மாற்றம்) அர்த்தமில்லாத வேறுபாடு குவியும். அதில் நான்கு வரி கெட்டது கலந்தால் நீங்களும் பார்க்கமாட்டீர்கள், நானும் பார்க்கமாட்டேன்.

ஜூரோங் மணி:
அது உண்மைதான். ஆனால் நான் வேலை பார்க்கும் இடத்தில் பில்ட் கணினிக்கு இணையமே கிடையாது. ஒரு பொட்டலம் நிறுவ இரண்டு வாரம் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு என்ன வழி?

யீஷூன் வாணி:
கான்ஃபிகர் உள்ளேயே இருக்கும் டார் கோப்புதான். ஆனால் யாருடைய மடிக்கணினியிலும் உருவாக்கக் கூடாது. வெளியீட்டுக்கென்று கிட்டில் குறித்த டேக்கிலிருந்து, பில்டைத் தானாக நடத்தும் சேவையகமான சிஐ தானே ஆட்டோரீகான்ஃப், டாரைக் கட்டும் மேக் டிஸ்ட் இரண்டையும் ஓட்டட்டும், கருவிகளின் பதிப்பு எண்களோடு. யார் வேண்டுமானாலும் அதே பதிப்புகளில் திரும்ப உருவாக்கி ஒப்பிடலாம்.

ஜூரோங் மணி:
சிஐ டார் வரட்டும், அதுவரை என் கோரிக்கையை நிறுத்தி வைக்கிறேன். பிகேஜி-கான்ஃபிக் சோதனையை மட்டும் இன்றே அனுப்பு. வரும் சனிக்கிழமை அந்தப் பிள்ளையைத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறேன்.