சோல் கேம்ப்பெல் ஆர்சனல் போனதுல ஸ்பர்ஸுக்கு ஒரு பைசா வந்துச்சா?

வெள்ளைச்சேவல்:
பக்கத்துத் திரியில ஒருத்தர் "பிரீமியர் லீக் வரலாற்றுலயே புத்திசாலித்தனமான டிரான்ஸ்ஃபர் சோல் கேம்ப்பெல், ஆர்சனல் பைசா செலவில்லாம தூக்குச்சு"ன்னு எழுதியிருக்கார், அதுக்கு ஏகப்பட்ட லைக் வேற. படிச்சதும் பத்திக்கிட்டு வருது. புத்திசாலித்தனமாம்! சின்னப் பையனா எங்க டாட்டன்ஹாம் ஸ்பர்ஸுக்கு வந்த ஸ்டாப்பர் (கோலுக்கு முன்னால நின்னு தடுக்கற டிஃபெண்டர்), 1992 டிசம்பர்ல செல்சிக்கு எதிரா சப்ஸ்டிடியூட்டா இறங்கி முதல் மேட்ச்லயே கோல் அடிச்சவன், கேப்டன் ஆக்கி 1999ல லீக் கப்பை அவன் கையில குடுத்தோம், கடைசில கான்ட்ராக்டை ஓட விட்டு 2001 ஜூலைல நேரா எதிரி வீடான அதே வடக்கு லண்டன் ஆர்சனல் வாசல்ல போய் நின்னான். ஸ்பர்ஸுக்கு ஒரு பைசா வரல. நோகாம நொங்கு தின்னுட்டு அதுக்குப் பேரு புத்திசாலித்தனமா?

பீரங்கிக்காரன்:
வந்துட்டார்யா. கான்ட்ராக்ட் முடிஞ்சுது, எங்க ஆர்சனலுக்குக் கிளம்பினார். கான்ட்ராக்ட் முடிஞ்ச ஆட்டக்காரர் பைசா இல்லாம வேற கிளப் போகலாம்னு போஸ்மன் தீர்ப்பு 1995லயே வந்தாச்சு, எல்லாருக்கும் தெரிஞ்ச விதி. வாடகை ஒப்பந்தம் முடிஞ்சா வீட்டைக் காலி பண்றதுக்கு ஓனருக்குக் காசு குடுப்பாங்களா?

வெள்ளைச்சேவல்:
காலி பண்ணிட்டு வேற ஊருக்குப் போயிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். பார்சிலோனா கேட்டுச்சு, இன்டர் மிலான் கேட்டுச்சுன்னு அப்ப பேப்பர் பேப்பரா வந்துச்சு. அங்கெல்லாம் போகாம ஆர்சனல். அன்னிக்கு ரிப்போர்ட்டருங்களே இப்ஸ்விச்ல இருந்து வர்ற கோல்கீப்பர் ரிச்சர்ட் ரைட்டை அறிமுகப்படுத்தப் போறாங்கன்னு நினைச்சு வந்து உக்காந்திருந்தாங்க, ஆர்சனல் மேனேஜர் வெங்கர் கூட நடந்து வந்தது எங்க கேப்டன். ஒளிச்சு வச்சு செஞ்ச வேலை அது. ஒரு பைசா வரல, அதைச் சொல்லுங்க முதல்ல.

ஸ்டாப்பர்_பேக்:
ஆட்டத்தைப் பத்தியும் யாராவது பேசுங்கப்பா. 2001-02ல வந்த முதல் சீசனே லீக்கும் எஃப்ஏ கப்பும். 2003-04ல 26 வெற்றி 12 டிரா, ஒரு தோல்வி இல்ல, பக்கத்துல நின்ன கோலோ டூரே மிட்ஃபீல்டுல இருந்து பின்னால கொண்டு வரப்பட்ட ஆளு, அவரை மேட்சுக்கு மேட்ச் இழுத்துப் பிடிச்சு நிறுத்தினது கேம்ப்பெல். 2006 பாரிஸ்ல பார்சிலோனாவுக்கு எதிரா சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பாவோட பெரிய கிளப் கோப்பை) ஃபைனல்ல ஆர்சனல் கோல்கீப்பர் லேமன் 18வது நிமிஷம் சிவப்பு அட்டை வாங்கி வெளிய போயாச்சு, பத்துப் பேரோட ஆடுறாங்க, 37வது நிமிஷம் ஆன்றி ஃப்ரீ கிக்கைத் தூக்கிப் போட கேம்ப்பெல் எல்லாருக்கும் மேல எழும்பி அடிச்ச ஹெட்டர் இருக்கே, அந்த உயரத்துல அவரைத் தடுக்க பார்சிலோனால ஆளே இல்ல. அப்புறம் எட்டோவும் பெலெட்டியும் அடிச்சு 2-1னு போனது வேற கதை.

வெள்ளைச்சேவல்:
ஆட்டத்தை யாரு குறை சொன்னா? நல்ல ஆட்டக்காரன்ங்கறதால தானே எரியுது. சப்பை ஆளா இருந்தா இருபது வருஷத்துக்கு மேல யாரு ஞாபகம் வச்சிருப்பா. அவ்வளவு பெரிய ஸ்டாப்பருக்கு அன்னிக்கு மார்க்கெட்ல என்ன விலை தெரியுமா, 2000 நவம்பர்ல லீட்ஸ் ரியோ ஃபெர்டினாண்டுக்கு 18 மில்லியன் பவுண்டு குடுத்துச்சு. அதுல பாதி வந்திருந்தாக்கூட ஒரு டீமையே நிமித்தியிருக்கலாம். எங்களுக்கு என்ன வந்துச்சு? ஒரு பைசா வரல.

ஆஃப்சைடு_அருள்:
சேவல் ப்ரோ, கான்ட்ராக்ட் கடைசி வருஷம் வரைக்கும் வேடிக்கை பார்த்தது யாரு? உங்க கிளப். 2000ல வித்திருக்கலாமே. ஓனர் அலன் சுகர் கிளப்பை ஈனிக் கம்பெனிக்கு வித்துட்டுக் கிளம்புற நேரம், நடு சீசன்ல மேனேஜர் ஜார்ஜ் கிரஹாமைத் தூக்கிட்டு ஹாடில் வந்தார், அவனவன் அவனவன் சோலியைப் பார்த்துட்டு இருந்தான். அந்த சீசன் 12வது இடம், முந்தின சீசன் 10வது. 26 வயசுல இருக்கறவன் சாம்பியன்ஸ் லீக் ஆட ஆசைப்பட்டா தப்பா? அதுவும் ஜார்ஜ் கிரஹாமே ஆர்சனல்காரர், அவரைக் கூட்டிட்டு வந்து மேனேஜர் ஆக்குனப்ப எதிரி வீடுன்னு தெரியலையா?

வெள்ளைச்சேவல்:
கிரஹாமை எங்க ரசிகர்ல பாதிப் பேரு ஏத்துக்கவே இல்லை அருள், வரலாறு தெரிஞ்சு பேசு. அப்புறம் வேடிக்கை பார்த்தோமா? கிளப் வரலாற்றுலயே பெரிய சம்பளம் குடுக்கறோம்னு சொன்னோம். அவன் இழுத்தடிச்சான். கையெழுத்தும் போடல, விக்கவும் விடல. ஹாரி கேன் 2023ல பேயர்ன் போனான், கான்ட்ராக்ட் ஒரு வருஷம் இருக்கறப்பவே போனதால கிளப்புக்குப் பணம் வந்துச்சு, யாராவது அவனைத் திட்டுனோமா? கேரிக், பெர்பட்டோவ், மோட்ரிச், பேல் எல்லாருமே போனாங்க, எல்லாருக்கும் பணம் வந்துச்சு. இவன் ஒருத்தனுக்குத் தான் ஒரு பைசா வரல.

பீரங்கிக்காரன்:
வெர்டோங்கன்? 2020ல பென்ஃபிகாவுக்கு ஃப்ரீயா போனாரே, அவருக்கு எவ்வளவு வந்துச்சு? நீயே இங்க அவருக்கு உருகி உருகி வழியனுப்பு மடல் எழுதினது எனக்கு ஞாபகம் இருக்கு.

வெள்ளைச்சேவல்:
பென்ஃபிகா எங்க எதிரியா?

பீரங்கிக்காரன்:
மாட்டினார்! அப்ப பைசா பிரச்சினையே இல்ல, ஆர்சனல் தான் பிரச்சினை. அதை நேரா சொல்லிட்டுப் போக வேண்டியது தானே, எதுக்கு பைசா பைசான்னு கணக்குப்பிள்ளை வேஷம்?

வெள்ளைச்சேவல்:
நான் ஒண்ணும் மாட்டல. ரெண்டும் சேர்ந்தது தான் பிரச்சினை. வெர்டோங்கன் போறப்ப 33 வயசு, ஆட்டத்தோட கடைசிக் காலம். கேம்ப்பெல் உச்சத்துல இருந்தான். பணம் குடுத்துட்டு ஆர்சனல் எடுத்திருந்தா கோபம் இருந்திருக்கும், ஆனா கணக்கு நேராயிருக்கும். பணமில்லாம இன்டர் போயிருந்தா நஷ்டம், ஆனா மானம் மிஞ்சியிருக்கும். ரெண்டையும் சேர்த்துப் பறிச்சான். கோல்கீப்பர் பேட் ஜென்னிங்ஸ் 1977ல எங்ககிட்ட இருந்து ஆர்சனல் போனார், அவரைத் துரோகின்னு யாரும் சொல்றதில்ல, ஏன்னா கிளப்பே தான் 45,000 பவுண்டுக்கு வித்துச்சு. அப்பக்கூட பைசா வந்துச்சு!

ஸ்டாப்பர்_பேக்:
ஜென்னிங்ஸ் கதையை எடுத்தா உங்களுக்குத் தான் கேவலம். இனி தேற மாட்டார்னு நினைச்சு வித்தீங்க, அவர் 1985 வரைக்கும் அங்க நின்னு 1979 எஃப்ஏ கப் ஜெயிச்சார்.

வெள்ளைச்சேவல்:
அது வித்தவன் முட்டாள்தனம், போனவன் தப்பு இல்ல. கேம்ப்பெல் விஷயத்தை ஜென்னிங்ஸ் பக்கம் திருப்பாதீங்க.

ஆஃப்சைடு_அருள்:
நீங்க தான ப்ரோ திருப்பினீங்க.

வெள்ளைச்சேவல்:
சரி ஆர்சனல்காரங்க ஒண்ணுக்குப் பதில் சொல்லுங்க. ஆஷ்லி கோல் 2006ல செல்சி போனப்ப நீங்க என்ன பண்ணீங்க? போலி நோட்டு அடிச்சு ஆட்டுனீங்க, பணப்பேய்னு கத்துனீங்க. அதுல உங்களுக்கு 5 மில்லியனும் கூடவே செல்சி டிஃபெண்டர் காலாஸும் வந்தாங்க. எங்களுக்கு ஒரு பைசா வரல, ஆனா நாங்க கத்துனா வயித்தெரிச்சல், நீங்க கத்துனா நியாயமா?

பீரங்கிக்காரன்:
கோல் கதை வேற. கான்ட்ராக்ட் ஓடிட்டு இருக்கறப்பவே 2005 ஜனவரியில ஹோட்டல்ல செல்சி மேனேஜர் மொரீன்யோவை ரகசியமா சந்திச்சு பிரீமியர் லீக் அபராதம் போட்டுச்சு, செல்சிக்கு 3 லட்சம் பவுண்டு. அது திருட்டுத்தனம்.

வெள்ளைச்சேவல்:
உங்க ஆர்சனல் நிர்வாகி டேவிட் டெய்ன் வீட்டுத் தோட்டத்துல ராத்திரி நேரத்துல நடந்துக்கிட்டே கேம்ப்பெல் விஷயத்தைப் பேசி முடிச்சாங்களே, டெய்னே பெருமையா சொல்லியிருக்காரே, அதுக்கு என்ன பேரு? சிவபூஜையா?

பீரங்கிக்காரன்:
அதுக்கு அபராதம் யாராவது போட்டாங்களா? போடல இல்ல? முடிஞ்சுது.

வெள்ளைச்சேவல்:
பிடிபடலைன்னா தப்பு இல்லையா, நல்ல நியாயம். 2001 ஏப்ரல்ல ஓல்ட் டிராஃபோர்ட்ல எஃப்ஏ கப் அரையிறுதி, உங்க கூடத்தான் மேட்ச், எங்க டோஹர்ட்டி கோல்ல நாங்க முன்னாடி இருக்கோம். கேம்ப்பெல் உங்க பார்லரை ஃபவுல் பண்ணி தானும் கணுக்கால்ல அடிபட்டு லைனுக்கு வெளிய சிகிச்சைல உக்காந்திருக்கான். அந்த ஃப்ரீ கிக்கை உங்க ஆட்டக்காரர் பிரெஸ் போடுறார், கேம்ப்பெல் நிக்க வேண்டிய இடம் காலி, உங்க வியேரா வந்து ஹெட்டர்ல 1-1 ஆக்கிட்டார். அப்புறம் பிரெஸ் அடிச்சு 2-1. ஸ்பர்ஸ் சட்டையில அவனோட கடைசி ஆட்டம் அது. அந்த ஆளு நாலஞ்சு மாசத்துக்குள்ள அதே வியேரா பக்கத்துல நின்னு ஆடறதைப் பார்த்தவனுக்குத் தான் வலி தெரியும்.

ஸ்டாப்பர்_பேக்:
வலி சரி. அதுக்காக 2008 செப்டம்பர்ல போர்ட்ஸ்மத் மைதானம் ஃபிராட்டன் பார்க்ல உங்க ஆளுங்க பாடினதை மறந்துட்டீங்களா? அவர் ஆர்சனலை விட்டே ரெண்டு வருஷம் ஆச்சு, போர்ட்ஸ்மத் கேப்டன், அந்த மே மாசம் தான் கார்டிஃபை ஜெயிச்சு எஃப்ஏ கப் தூக்கினவர். அவரைப் பத்திக் கேவலமாப் பாடி, போலீஸ் போட்டோ வெளியிட்டு ஆளைத் தேடி, சிலருக்கு மைதானத்துக்குள்ள வரவே தடை விழுந்துச்சு. பைசா வரலைன்னா இப்படிப் பேசலாமா?

வெள்ளைச்சேவல்:
அதை நான் எந்தக் காலத்துலயும் ஆதரிச்சதில்ல. பண்ணவன் எவனா இருந்தாலும் உள்ள போடட்டும். நான் சொல்றது டிரான்ஸ்ஃபர் பத்தி. ரெண்டையும் ஒண்ணா முடிஞ்சு என் தலையில கட்டாதீங்க.

ஆஃப்சைடு_அருள்:
2009ல நாட்ஸ் கவுன்டி போனாரே அது எந்தக் கணக்கு? நாலாவது டிவிஷன், அஞ்சு வருஷ ஒப்பந்தம், மோர்கம்ப்ல ஒரே ஒரு மேட்ச், 2-1 தோல்வி, அத்தோட கிளம்பிட்டார்.

வெள்ளைச்சேவல்:
பார்த்தீங்களா? கையெழுத்துக்கு அவன்கிட்ட மதிப்பே கிடையாது. அவன் போனப்புறம் அதே இடத்துல நின்னான் லெட்லி கிங், முட்டி தேஞ்சு போய் வாரம் முழுக்க பிராக்டிஸ் பண்ண முடியாம மேட்ச் அன்னிக்கு மட்டும் இறங்குவான், 2006 நவம்பர்ல தனியா ஓடுன செல்சி ஆட்டக்காரன் ராபனைப் பின்னால துரத்திப் போய் பாக்ஸுக்குள்ள சுத்தமா பந்தை எடுத்தான் பாருங்க, அன்னிக்கு செல்சியை 2-1 ஜெயிச்சோம். 2012 வரைக்கும் ஒரே கிளப். ஸ்டாப்பர்னா அவன்.

பீரங்கிக்காரன்:
கிங் நல்ல ஆட்டக்காரர், ஆனா எத்தனை லீக் பட்டம்? கேம்ப்பெல் ரெண்டு, அதுல 2004 பட்டத்தை உறுதி பண்ணினது உங்க மைதானம் ஒயிட் ஹார்ட் லேன்லயே, 2-2 டிரா, கேம்ப்பெல் உள்ள ஆடினார். கிங்கும் அன்னிக்கு எதிர்ல இருந்தார். நாட்ஸ் கவுன்டியை விட்டுட்டு 35 வயசுல திரும்ப எங்ககிட்ட வந்து 2010ல போர்ட்டோல சாம்பியன்ஸ் லீக் கோல் அடிச்சார், அதையும் எழுதிக்கோ.

வெள்ளைச்சேவல்:
அந்த மேட்ச் 2-1 தோத்தீங்க, அதையும் சேர்த்து எழுது. அதே 2010 ஏப்ரல்ல ஒயிட் ஹார்ட் லேனுக்கு வந்தான், எங்க டேனி ரோஸ் தூரத்துல இருந்து வாலி (பந்து தரையில விழறதுக்கு முன்னாடியே உதை) அடிச்சான், பேல் ரெண்டாவது, 2-1 நாங்க ஜெயிச்சோம். உங்க கேம்ப்பெல் உள்ள தான் நின்னான்.

பீரங்கிக்காரன்:
ரெண்டாவது லெக்ல (எங்க ஊர்ல நடந்த அடுத்த மேட்ச்ல) போர்ட்டோவை 5-0 அடிச்சதை விட்டுட்ட. அந்த சீசன் முடிவுல லீக்ல நாங்க 3வது இடம், நீங்க 4.

வெள்ளைச்சேவல்:
4ன்னா சாம்பியன்ஸ் லீக் தகுதி தம்பி. ஒரு பைசா வராமலே அங்க வந்து சேர்ந்தோம்.