மறுபடி ஓட்டினாலும் மாறாதது: ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பழைய நூல்களின் ஸ்கேன் படங்களை மொத்தமாகச் சுருக்கும் கருவிக்கு ஆவணம் எழுதுகிறேன். உள்ளே ஓடுவது இமேஜ்மேஜிக் என்ற படச் செயலாக்க மென்பொருள். படிக்கப்போவது மனிதர் மட்டுமல்ல, கட்டளைகளைத் தாமே ஓட்டும் ஏஐ முகவர்களும்தான். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். தொகுதிச் செயலாக்கம் (batch processing), ஒத்திகை ஓட்டம் (dry run), பணிப்பதிவு (job log) என்று மற்றச் சொற்கள் எல்லாம் அமைந்துவிட்டன. ‘ஐடெம்பொட்டன்ட்’ (idempotent), அதாவது எத்தனை முறை செய்தாலும் விளைவு மாறாதது, அது மட்டும் இழுக்கிறது.

பதில் வரத் தாமதமானால், வேலை முடிந்ததா, நடுவில் நின்றதா என்று முகவருக்குத் தெரியாது. கட்டளையை மறுபடி ஓட்டிவிடும். இமேஜ்மேஜிக்கின் மோக்ரிஃபை கட்டளையோ மூலப்படத்தின் மேலேயே எழுதும். ‘50% ஆகச் சுருக்கு’ என்றால் முதல் ஓட்டத்தில் பாதி, அடுத்ததில் கால். ‘அகலம் 800 பிக்சல்’ என்றால் எத்தனை முறை ஓட்டினாலும் 800தான். இந்த இரண்டாவது வகைக்கு ‘மீள்மாறா’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?
— கோவையிலிருந்து

அம்மா, ‘மீள்மாறா’ வேண்டாம். மீள்தல் என்றால் திரும்பி வருதலும்தான். ‘பழைய நிலைக்கு மீளாதது’ என்று யாரேனும் படித்தால் பொருள் தலைகீழாகிவிடும். நன்னூலார் சொன்ன பத்துக் குற்றங்களில் ‘மயங்க வைத்தல்’ இதுவே.

மூலத்தைப் பாருங்கள். பெஞ்சமின் பியர்ஸ் 1870இல் இயற்கணிதத்துக்காக ஆக்கிய சொல் இது. லத்தீனில் ‘அதே’, ‘ஆற்றல்’ என்ற இரண்டின் கூட்டு. எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும், அதாவது தன்னைத்தானே எத்தனை முறை பெருக்கினாலும், தானாகவே நிற்பது. ஆகவே ‘தன்னடுக்கு’. நம் இலக்கணத்திலும் இதற்கு இடம் உண்டு. ‘பாம்பு பாம்பு’ என்று அடுக்கிச் சொன்னாலும் பாம்பு ஒன்றுதான். விரைவும் அச்சமும் கூடுமே தவிர எண்ணிக்கை கூடாது. இரட்டைக்கிளவி வேறு: ‘இரட்டிற் பிரிந்திசையா’ என்கிறது தொல்காப்பியம். சலசல என்பதில் ஒரு ‘சல’வை எடுத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. அடுக்குத்தொடரில் மிஞ்சும். ஆகவே அடுக்கு என்ற சொல்லே இங்கே பொருந்தி வருகிறது.
— தஞ்சாவூரிலிருந்து

ஐயா, பாம்பு எடுத்துக்காட்டை வகுப்பில் சொல்லிக் கொடுப்பேன், அவ்வளவு பிடித்தது. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு அடுக்கு என்றால் கணிதம் நினைவுக்கு வராது. இங்கே அதைச் ‘சுட்டி’ என்றுதான் படிப்பிக்கிறோம். உங்கள் பக்கம் சுட்டி என்றால் மவுஸ். இரு கரைக்கும் விளங்கும் சொல்லாக ஒன்று தாருங்கள்.
— யாழ்ப்பாணத்திலிருந்து

நிரல் எழுதுபவனாக ஒன்று சொல்கிறேன். ‘மீள்மாறா’, ‘தன்னடுக்கு’ இரண்டில் எதைப் போட்டாலும் முகவர் அதை அதிகம் பார்த்திருக்காது. வேரைப் பிரித்து ஊகிக்க விட்டால் தப்பாகவும் ஊகிக்கும். மறுபடி ஓட்டலாமா, கூடாதா என்பதை ஒவ்வொரு கட்டளையின் கீழும் முழு வாக்கியமாக எழுதுங்கள். கட்டளை முடியும்போது தரும் வெளியேறும் எண்ணையும் (exit code) விளக்குங்கள். பல பணிகளை ஒரே நேரத்தில் ஓட்டும் குனூ பேரலல் கருவியின் கையேடு இதில் நல்ல முன்மாதிரி: 0 என்றால் எல்லாப் பணியும் முடிந்தது, 1 முதல் 100 வரை என்றால் அத்தனை பணிகள் தோற்றன, 101 என்றால் நூற்றுக்கு மேல். இதைப் படித்த முகவர், எவை தோற்றன என்று பணிப்பதிவில் பார்த்து, அவற்றை மட்டும் மறுபடி ஓட்டலாம், முழுத் தொகுதியையும் தொட வேண்டாம்.

அப்புறம், 800 பிக்சல் எடுத்துக்காட்டிலும் ஓட்டை இருக்கிறது. ஜேபெக் (JPEG) படத்தை ஒவ்வொரு முறை எழுதும்போதும் கோப்பின் அளவைக் குறைக்க மென்பொருள் அதை மறுபடி அமுக்கும். அகலம் மாறாது, படத்தின் தரம் தேயலாம். எது மாறாது என்று சொல்லாமல் ‘மாறாது’ என்று மட்டும் எழுதக் கூடாது.
— சென்னையிலிருந்து

ஜேபெக் விஷயம் நல்ல வேளை இப்போதே தெரிந்தது. வெளியீட்டுக் கோப்புறையைத் தனியாக வைக்கச் சொல்லிவிட்டேன். தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ‘மறுஓட்டத்தில் மாறாத’ என்பதற்கே ஆதரவு கூடுதல். நீளம்தான், ஆனால் விளங்குகிறது. கீழே ஒரு வாக்கியமும் வரும்: ‘இக்கட்டளையை மறுபடி ஓட்டலாம், படத்தின் அகலம் மாறாது.’ வெள்ளிக்கிழமை இப்படியே போகிறது.
— கோவையிலிருந்து

வாக்கியம் நன்று, அதை ஏற்கிறேன். ஆனால் தொடர் வேறு, கலைச்சொல் வேறு. நாளை இதைப் பெயராக்க வேண்டிவந்தால் ‘மறுஓட்டத்தில் மாறாத தன்மை’ என்றா தலைப்பிடுவீர்கள்? சொல்லடைவில் ‘தன்னடுக்கு’க்கும் ஒரு வரி கொடுங்கள் அம்மா. என் வாக்கு அதற்குத்தான்.
— தஞ்சாவூரிலிருந்து