கோயம்புத்தூரில் இடம் வாங்கிய அனுபவம்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். 2014-ல் சத்தி ரோட்டில் கோவில்பாளையம் தாண்டி அஞ்சு சென்ட் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை வேனில் கூட்டிப்போய், கையில் பிரியாணிப் பொட்டலம் கொடுத்து, ஆர்ச்சும் கலர் கொடியும் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லுமாக இடத்தைக் காட்டினார்கள். டிடிசிபி (அரசின் நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல் இருக்கா என்றதற்கு, "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குதுங்க, அது போதுமுங்க" என்றார் புரோக்கர். பட்டா, தாய்ப்பத்திரம், முப்பது வருஷ வில்லங்கம் எல்லாம் பார்த்த நான் இதில் ஏமாந்தேன். 2016-ல் பெண் படிப்புக்காக விற்கப் போனால், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. அட்வான்ஸ் கொடுத்தவர் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். 2017-ல் அப்படிப்பட்ட மனைகளைக் கட்டணம் வாங்கி முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்து, கட்ட வேண்டியதைக் கட்டி, கையில் ஆர்டர் வரும்வரை அந்த இடம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஆனால் ஊரைக் குறை சொல்ல மாட்டேன். கணபதியில் அப்பா கட்டிய மாடி வீடு எங்களுக்கு உண்டு. முதலில் பவுண்டரியில் மோல்டிங் வேலை பார்த்தவர் குடியிருந்தார், பிறகு சரவணம்பட்டி ஐடி பையன்கள் மூன்று பேர். 2020-ல் அவர்கள் சொந்த ஊருக்குக் கிளம்ப, ஒரே மாதத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ் குடும்பம் வந்துவிட்டது. மில், பம்ப்செட், கிரைண்டர், காலேஜ், ஆஸ்பத்திரி என்று இங்கே ஒன்று படுத்தால் இன்னொன்று கைகொடுக்கிறது, வாடகை நிற்பதில்லை. ஆனால் ரெண்டு வருஷத்தில் விலை டபுள் ஆகும் என்பவர்களிடம் ஜாக்கிரதை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் (2023-க்கு முன்னால் 4) என்று வாங்கும்போதே நூற்றுக்கு ஒன்பது ரூபாய் போய்விடுகிறது, அதை முதலில் கணக்கில் வையுங்கள்.

—

நீங்கள் சொன்னதற்கு நேர் எதிர் எங்கள் கதை. திருச்சி திருவெறும்பூரில் வீடு. பெல் கம்பெனிக்கு ஆர்டர் நன்றாக இருந்தவரை துவாக்குடி சுற்றுவட்டார ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் ராத்திரியும் வெல்டிங் வெளிச்சம் தெரியும், வீடு கேட்டு ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். ஆர்டர் குறைந்ததும் பட்டறைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. எங்கள் கீழ்வீடு பதினோரு மாதம் பூட்டிக் கிடந்தது, கடைசியில் பழைய வாடகையை விட ஆயிரம் குறைத்துத்தான் விட்டோம். நல்ல ஊர்தான், தண்ணீர்க் கஷ்டம்கூட இல்லை. ஒரே கம்பெனியை நம்பிய ஏரியா என்பதுதான் பிரச்சினை.

—

கோவை என்று சொல்லிவிட்டு மேற்குப் பக்கத்தை விட்டுவிட்டீர்களே! ஆலாந்துறைப் பக்கம் மலையைப் பார்த்து மயங்கி அரை ஏக்கர் வாங்கியவன் நான். பதிவு ஒரு சிக்கலும் இல்லாமல் முடிந்தது. வீட்டு பிளானோடு போனபோதுதான் அந்தக் கிராமம் ஹாக்கா பட்டியலில், அதாவது மலையிடப் பாதுகாப்புப் பகுதியில் இருப்பதே தெரிந்தது, தனியாக அனுமதி வாங்கவேண்டுமாம். விற்றவரைக் கேட்டால், "நீங்க கேக்கலீங்களே" என்கிறார். சரி, ஆனது ஆகட்டும் என்று தென்னை வைத்தேன். போன மாதம் யானை வந்து அதில் நாலைச் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறது.