சாலிட் இங்க் பிரிண்டரை ராத்திரி அணைத்தால் மிச்சமா, நஷ்டமா?

சர்வீஸ்_சேது:
கலர் பிரிண்ட் செலவு பற்றிய இழையில் பானு மேடம் எழுதியிருப்பது இது: "ஃபேசர் 8560 மாதிரி மெழுகுக்கட்டி பிரிண்டரைச் சாயங்காலம் கிளம்பும்போது அணைத்துவிட்டால் இங்க் செலவு பாதியாகும்." ஃபேசர் என்பது ஜெராக்ஸ் மாடல்; மெழுகு மாதிரியான சாலிட் இங்க் கட்டியை உருக்கி அச்சடிக்கும். மேடம் சொன்னதை நம்பி யாரும் ஸ்விட்சில் கை வைக்காதீர்கள். ஹெட்டுக்குள், அதாவது இங்க்கைத் தெளிக்கும் பாகத்துக்குள், இங்க் எப்போதும் உருகிய நிலையில் இருக்க வேண்டும். அணைத்தால் உறையும். உறையும்போது சுருங்கும், சுருங்கிய இடத்தில் காற்று புகும். காலையில் ஸ்விட்ச் போட்டதும் அந்தக் காற்றை வெளியேற்ற நாலு கலரையும் மிஷின் சேர்த்துத் தள்ளும். தள்ளியதெல்லாம் வேஸ்ட் ட்ரேயில் போய்க் கட்டியாகும். ட்ரேயை இழுத்துப் பாருங்கள், அழுக்குக் கறுப்பில் அடுக்கடுக்காக உறைந்திருக்கும். அத்தனையும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய இங்க்.

பட்ஜெட்_பானு:
நான் சொன்னது செலவைப் பற்றி. ராத்திரி முழுக்க ஹெட்டைச் சூடாக வைத்திருக்கும் கரண்டுக்கு யார் காசு கட்டுவது? சனி, ஞாயிறு ஆபீஸில் ஆளே இல்லை, மிஷின் மட்டும் கொதிக்கணுமா? சரி, ட்ரேயில் போவது எத்தனை கிராம்? அதைச் சொல்லாமல் பயம் காட்டாதீர்கள்.

சர்வீஸ்_சேது:
"இங்க் செலவு பாதியாகும்" என்று எழுதியது நீங்கள். இப்போது கரண்ட் பில்லுக்குத் தாவுகிறீர்கள். 8560-க்கு மூன்று கட்டி கொண்ட கலர் பெட்டி 3,400 பக்கம் வரும் என்பது கம்பெனிக் கணக்கு, 5% கவரேஜில், அதாவது பக்கத்தில் நூற்றில் ஐந்து பங்கு இடத்தில் மட்டும் அந்தக் கலர் விழுந்தால். ஒரு கட்டிக்குச் சுமார் 1,130 பக்கம். கட்டியில் பத்தில் ஒரு பங்கு ட்ரேக்குப் போனாலே அந்தக் கலரில் 113 பக்கம் காலி. நாலு கலருக்கும் போட்டுப் பாருங்கள்.

பட்ஜெட்_பானு:
"போனாலே." போகுமா, போகாதா? எத்தனை கிராம்?

மெழுகுமணி:
இதற்கு ஏன் இவ்வளவு சண்டை? ட்ரேயில் சேர்வதை உடைத்து, உருக்கி, அச்சில் ஊற்றிக் கறுப்புக் கட்டியாக்கிப் போடுங்கள். நாலு கலரும் கலந்தால் கிட்டத்தட்ட கறுப்புதான். ஃபேசரை முதலில் செய்த டெக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் காலத்தில் ஃபேசர் 840-க்குக் கறுப்பை இலவசமாகவே கொடுத்தார்கள். 2000-ல் அவர்களுடைய கலர் பிரிண்டர் பிரிவை ஜெராக்ஸ் வாங்கிய பிறகுதான் கறுப்புக்கும் காசு பிடுங்க ஆரம்பித்தார்கள்.

சர்வீஸ்_சேது:
மணி, இந்த யோசனையை எந்த இழையில் பார்த்தாலும் கொண்டுவந்து ஒட்டுகிறீர்கள். வைப்பர் பிளேடு ஹெட்டை வழித்துத் தள்ளிய இங்க் அது. பேப்பர் தூசி அதில் கலந்திருக்கும். ஏற்கெனவே ஹெட்டில் வெந்ததை அடுப்பில் இன்னொரு தடவை காய்ச்சுகிறீர்கள். தூசி ஹெட்டின் ஃபில்டரில் அடைத்தால் வெள்ளைக் கோடு விழும், எத்தனை கிளீனிங் போட்டாலும் போகாது. ஹெட் மாற்றும் காசுக்குப் பழைய மிஷின் இன்னொன்றே வாங்கிவிடலாம். வார்த்த கட்டிக்கு, மிஷினில் அதன் இடத்தில் பொருந்துவதற்கான ஓரத்து வெட்டும் சரியாக அமையாது, சரிவில் சாய்ந்து நின்று உருக்கும் தகட்டை எட்டாது.

மெழுகுமணி:
வடிகட்டித்தான் ஊற்றணும். அதுகூடத் தெரியாதவனா நான்? கம்பெனி ஆள் கம்பெனிக்குத்தானே பேசுவார்.

சர்வீஸ்_சேது:
எந்தக் கம்பெனியிடமும் நான் சம்பளம் வாங்கவில்லை. துணியில் வடிகட்டினால் மணல் நிற்கும், ஹெட்டின் துளையை அடைக்கிற தூசி நிற்காது.

நாலுகலர்:
கட்டி வாங்குவதற்கு முன்னாலேயே மிஷினைப் பாருங்கள். ஜெராக்ஸின் இன்னொரு மெழுகுக்கட்டி வரிசையான கலர்கியூப் 8570-க்கு இரண்டு கட்டிப் பெட்டி 4,400 பக்கம். 8870-க்கு ஆறு கட்டிப் பெட்டி 17,300 பக்கம். வகுத்தால் 8570-ல் கட்டிக்கு 2,200, 8870-ல் 2,880-க்கு மேல். 8870-ன் மிஷின் விலை அதிகம், பக்கத்துக்கு ஆகும் இங்க் செலவு குறைவு. மாதம் ஆயிரக்கணக்கில் கலர் அடிக்கிற ஆபீஸ் 8570 வாங்கியதுதான் முதல் தப்பு.

பட்ஜெட்_பானு:
இருக்கிற மிஷினைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கி மிச்சம் பிடிக்கணுமாக்கும். என் கேள்வி அப்படியே நிற்கிறது: எத்தனை கிராம்?

சர்வீஸ்_சேது:
ஆறிய மிஷினில் வேஸ்ட் ட்ரேயைக் காலி செய்து தராசில் வையுங்கள். திரும்ப மாட்டி ஸ்விட்ச் போடுங்கள். தயாரானதும் ஒரு பக்கம்கூட அடிக்காமல் ஷட்டவுன் கொடுத்து, நன்றாக ஆறவிட்டு ட்ரேயை மறுபடி எடை போடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் கேட்கும் கிராம். அதை மாதத்தில் வேலை நாள் எத்தனையோ அத்தனையால் பெருக்குங்கள். சூட்டோடு மிஷினை நகர்த்தவோ சாய்க்கவோ வேண்டாம், உருகிய இங்க் உள்ளே சிந்தினால் தராசுக்கே வேலை இருக்காது.

அணைக்காமலே கரண்டைக் குறைக்கவும் வழி இருக்கிறது. பிரிண்டர் கன்ட்ரோல்ஸ் மெனுவில் இன்டெலிஜென்ட் ரெடியை ஆன் செய்தால், ஆபீஸ் எந்த நேரம் பிரிண்ட் அடிக்கிறது என்று பார்த்து மிஷினே சூட்டை ஏற்றி இறக்கும். அதே இடத்தில் ஸ்டார்ட்அப் பேஜை ஆஃப் செய்யுங்கள், ஒவ்வொரு ஆனுக்கும் ஒரு கலர் பக்கம் வீணாகாது. ஆபீஸுக்குள்ளேயே சுற்றும் தாளுக்கு ஃபாஸ்ட் கலர் தரம் போதும். கறுப்பு எழுத்து மட்டும் இருந்தால் டிரைவரில் பிளாக் அண்ட் ஒயிட்டைத் தேர்ந்தெடுங்கள்.

கோடு விழுந்தால் எடுத்த எடுப்பில் கிளீனிங் கொடுக்காதீர்கள். டெஸ்ட் பக்கம் அடித்து எந்தக் கலர் என்று பாருங்கள். முதலில் பேசிக் கிளீனிங், அதிலும் போகாவிட்டால் அந்த ஒரு கலருக்கு மட்டும் அட்வான்ஸ்டு கிளீனிங். அதற்கும் அசையாத ஒன்றிரண்டு துளைகளுக்கு ஜெட் சப்ஸ்டிட்யூஷன் இருக்கிறது, பக்கத்துத் துளைகள் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். அட்வான்ஸ்டை விளையாட்டாக அமுக்கிக்கொண்டே இருக்கிற ஆபீஸில்தான் ட்ரே சீக்கிரம் நிறைகிறது.

நாலுகலர்:
இன்டெலிஜென்ட் ரெடி இருந்தாலும் மூன்று நாள் விடுமுறைக்கு அணைப்பதில் என்ன குற்றம்? ஆறிய மிஷினை மறுபடி சூடேற்றும் கோல்டு ஸ்டார்ட் ஒரே ஒரு தடவைதானே.

சர்வீஸ்_சேது:
பானு மேடம் சொன்னது தினமும் சாயங்காலம். நீங்கள் இடையில் விடுமுறையைக் கொண்டுவந்து அவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டாம்.

மெழுகுமணி:
அணைத்தாலும் சரி, அணைக்காவிட்டாலும் சரி, ட்ரேயில் சேர்ந்ததைக் குப்பையில் கொட்டுகிறவன் பணக்காரன். நான் கறுப்பாக்கித்தான் போடுவேன்.

சர்வீஸ்_சேது:
போடுங்கள். ஹெட் போன பிறகு "வெள்ளைக் கோடு, உதவி தேவை" என்று புது இழை திறக்காதீர்கள்.

பட்ஜெட்_பானு:
இவ்வளவு எழுதியும் கிராம் கணக்கு வரவில்லை. தராசைத் தேடி நான் அலையணும், சொன்னவர் அலையமாட்டார். எங்கள் மிஷின் இன்று சாயங்காலமும் அணையும்.