எஞ்சினுக்கும் டெண்டருக்கும் நடுவில் உள்ள ஸ்பிரிங் பஃபர்: கழற்றி மாட்டியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

பிட்லைன் ஃபிட்டர்

மீட்டர் கேஜ் ஷெட் ஒன்றில் ஸ்டீம் காலம் முடியும்வரை ஃபிட்டராக இருந்தவன். எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரைப் பிரிக்கிற வேலை எவ்வளவோ செய்தாயிற்று. ஒரு நாள் நடந்தது மட்டும் இன்றைக்கும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

பஃபர் ஸ்பிரிங் எஞ்சினையும் டெண்டரையும் எந்நேரமும் பிரித்துத் தள்ளிக்கொண்டிருப்பதால் இரண்டையும் இணைக்கும் டிராபார் தண்டு விறைத்து நிற்கும், அதைக் கோத்திருக்கும் பின் (முளை) மேலே வராது. உங்களுக்குத் தெரிந்ததுதான். அன்றைக்கும் எஞ்சின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, பின்னால் வேறொரு எஞ்சினை வைத்து டெண்டரை நெருக்கினோம். ஒரு விரற்கடை நகர்ந்தது. நான் மேலே இடைவெளியை மூடும் ஃபால் பிளேட்டைத் தூக்கிவிட்டு பின்னைப் பிடித்து இழுக்கிறேன். பாதி வந்து நின்றுவிட்டது. கீழே குழியில் ஒரு இளம் கலாசி, துவாரம் நேராக வந்துவிட்டதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். "இன்னும் ஒரு நூல் இருக்கு அண்ணே" என்றான். விரலை எடுத்துச் சுத்தியலைக் கையில் வாங்கினான். அதே நேரம் நெருக்கிக்கொண்டிருந்த எஞ்சின் லேசாகப் பின்வாங்கியது. ஸ்பிரிங் விரிந்து டிராபார் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. விரல் இருந்த இடத்தில் இரும்பும் இரும்பும் ஒட்டி நின்றன. இடையில் காகிதம்கூடப் போகாது.

பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று முதல் எனக்கு ஒரே கேள்விதான். சில டன் விசையை அந்தக் கூட்டுக்குள் அடைத்து வைத்தவர்கள், கழற்றுகிறவன் அதை எப்படிக் கட்டிப்போடுவான் என்று ஏன் யோசிக்கவில்லை? ஒரு போல்ட்டை உள்ளே விட்டுத் திருகினால் ஸ்பிரிங் அமுங்கி அப்படியே நிற்கும்படி செய்திருக்கலாமே? அந்த மாதிரி அமைப்பை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

கரிப்படி ஃபயர்மேன்

ஃபிட்டர் அண்ணே, நீங்கள் கழற்றும்போது பட்டதை நாங்கள் ஓடும்போது பட்டோம்.

மீட்டர் கேஜ் பயணி ரயில்களை இழுத்த ஒய்.பி. ரக எஞ்சினின் ஓட்டுச் சக்கர விட்டம் 4 அடி 6 அங்குலம். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு நாலரைச் சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் பிஸ்டன், கிராஸ்ஹெட் எல்லாம் சேர்ந்து எஞ்சினை ஒருமுறை முன்னால் உந்தி ஒருமுறை பின்னால் இழுக்கும். பஃபர் நன்றாக இருந்தால் டெண்டரும் எஞ்சினும் ஒரே உடம்பாக அந்த ஆட்டத்தைத் தாங்கிக்கொள்ளும். தேய்ந்து இறுக்கம் போய்விட்டால் டெண்டர் தனி, எஞ்சின் தனி. எந்த ரக எஞ்சினாக இருந்தாலும் கதை இதேதான்.

கரி போடுகிறவனுக்கு ஒரு கால் எஞ்சின் தரையில், ஒரு கால் ஃபால் பிளேட் பக்கம். இரவு ஓட்டம் ஒன்றில் ஃபயர் டோரைத் திறந்ததும் வெளிச்சம் கீழே விழுந்தது. ஃபால் பிளேட் முன்னும் பின்னும் தேய்த்துத் தேய்த்து டெண்டர் தரையில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளையாக ஒரு பட்டை மின்னியது. டிரைவர் ஐயா அதைக் குனிந்து பார்த்துவிட்டு நீராவி விடும் ரெகுலேட்டரைக் கொஞ்சம் குறைத்தார். ஒன்றும் பேசவில்லை. முழங்காலில் அந்த இடி விடியும்வரை இருந்தது.

ஷெட்டில் இறங்கியதும் ரிப்பேர் புத்தகத்தில் எழுதினார். அடுத்த முறை அதே எஞ்சின் எங்களுக்கு வந்தபோது அதே இடி, அதே வெள்ளைப் பட்டை. புத்தகத்தில் "பார்க்கப்பட்டது" என்று மட்டும் இருந்தது. ஃபிட்டர்களைக் குறை சொல்ல மாட்டேன். பஃபர் உரசித் தேய்ந்த தகட்டுக்குப் பின்னால் ஒரு ஷிம் (மெல்லிய தகடு) வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்கு டெண்டரையே பிரிக்க வேண்டும், நெருக்க இன்னொரு எஞ்சின் வேண்டும், தண்ணீர் ஹோஸ், வேக்குவம் ஹோஸ் எல்லாம் கழற்ற வேண்டும் என்றால் எவன் செய்வான்?

மிட்லண்ட்ஸ் வாசி

நான் இங்கிலாந்தில், பழைய ஸ்டீம் எஞ்சின்களை ஓட்டும் ஒரு பாரம்பரிய ரயில் பாதையில் வார இறுதிகளில் வாலண்டியர். இங்கே டிராபாரையும் பின்களையும் முறை வைத்துக் கழற்றி விரிசல் சோதனை செய்வார்கள். அதனால் இந்த வேலை எங்களுக்குத் தப்பாது.

என் அனுபவம் சின்னது. டெண்டர் முன் பீமுக்குள் குறுக்காக ஒரே லீஃப் ஸ்பிரிங் (பட்டைகளை அடுக்கியது), அதன் இரு முனைகளும் இரண்டு பஃபர்களைத் தள்ளும் வகை. அந்த ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கும் காட்டரை (ஆப்பு) தேடிக் குழிக்குள் படுத்திருந்தேன். மேலே பல ஆண்டுகளாகக் கொட்டிய கரித்தூளும், ஹோஸிலிருந்து ஒழுகிய தண்ணீரும் சேர்ந்து அந்தப் பெட்டி முழுக்கக் கறுப்புக் களியாக இறுகியிருந்தது. உளியால் வெட்டி வெட்டி எடுத்தோம். கடைசியில் காட்டரின் தலை தெரிந்தபோது அதைத் தட்டி எடுக்கச் சுத்தியல் வீச இடமே இல்லை. தட்டினால் எதிரே உள்ள தகட்டில் இடிக்கும். அந்த இடத்தை வரைந்தவர் காட்டரை உள்ளே போடும் வழியை மட்டும் பார்த்திருக்கிறார், வெளியே எடுக்கும் வழியைப் பார்க்கவில்லை. இன்றும் எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் தேடுவது சுத்தியல் வீச இடம் இருக்கிறதா என்றுதான்.

ஆனால் பிட்லைன் ஐயா, ஒரு போல்ட் போதும் என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு போல்ட்டில் கட்டிப்போட வேண்டும் என்றால் பக்கத்துக்கு ஒன்றாகக் காயில் (சுருள்) ஸ்பிரிங் வைக்க வேண்டும். குறுக்கு லீஃப் ஸ்பிரிங்கின் அழகே வேறு. அது நடுவில் தாங்கி நிற்பதால் வளைவில் ஒரு பஃபர் உள்ளே போனால் மற்றது அதே அளவு வெளியே வரும். இரண்டு பக்க விசையும் சமமாகவே இருக்கும். தனித்தனி காயில் என்றால் உள்வளைவுப் பக்கத்து ஸ்பிரிங் கூடுதலாக அமுங்கி, எஞ்சினை நேராக்கப் பார்க்கும். அந்த விசை போய்ச் சேர்வது சக்கர ஃபிளாஞ்சில் (தண்டவாளத்தை ஒட்டி ஓடும் விளிம்பில்). மீட்டர் கேஜ் மாதிரி வளைவுகள் அதிகம் உள்ள பாதையில் அது சின்ன விஷயம் இல்லை.

பிட்லைன் ஃபிட்டர்

தம்பி, வளைவில் லீஃப் சுகம்தான், மறுக்கவில்லை. நேர்ப்பாதையில்? எஞ்சின் தலையை இடமும் வலமும் ஆட்டும்போது அந்த லீஃப் கூடவே ஆடிக்கொடுக்கும், தடுக்காது. பஃபர் முகத்தில் இருக்கிற உராய்வு ஒன்றுதான் தடுக்க வேண்டும். இரண்டு காயில் இருந்தால் ஸ்பிரிங்கும் சேர்ந்து பிடிக்கும். வேகமாக ஓடுகிற எஞ்சினுக்கு எனக்குக் காயில்தான் வேண்டும். தவிர, லீஃப் ஸ்பிரிங்கை அந்தக் குழியில் ஆள் தூக்கித்தான் இறக்க வேண்டும். காயில் என்றால் ஒருவன் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வருவான்.

கோவை லேத்

வணக்கம். நான் ரயில்வே ஆள் இல்லை. ஏழேகால் அங்குல கேஜில் டெண்டர் எஞ்சின் ஒன்று செய்தேன், உட்கார்ந்து ஓட்டலாம். முதலில் பஃபரே வைக்காமல் வெறும் டிராபார் போட்டிருந்தேன். டெண்டர் மேல் உட்கார்ந்து ஓட்டும்போது முதுகுத்தண்டில் விழுந்த குத்து இன்னும் நினைவிருக்கிறது. அவ்வளவுதான் என் கதை.

அப்புறம், இதைச் செய்ய நினைப்பவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங்கைக் கூட்டுக்குள் அடைத்த தனி உருப்படியாகச் செய்யுங்கள். ஒரு குழாய், உள்ளே காயில், முன்னால் ஸ்பிரிங் தள்ளும் பிளஞ்சர், நடுவே ஒரு நீள போல்ட். போல்ட்டின் நட் டெண்டர் பீமின் பின்பக்கம் வெளியே தெரிய வேண்டும். ஓடும்போது நட் தளர்ந்து, எதையும் தொடாமல் இருக்கும். கழற்ற வேண்டும் என்றால் நட்டை இறுக்குங்கள், பிளஞ்சர் பின்வாங்கிவிடும், டிராபார் தளர்ந்துவிடும். பிட்லைன் ஐயா கேட்டது இதுதான். பக்கத்துக்கு ஒன்று என்பதால் போல்ட் இரண்டு வேண்டும், மிட்லண்ட்ஸ் நண்பர் சொன்னது அந்தவரை சரி.

எவ்வளவு அமுக்கி வைப்பது? இரண்டு கணக்கு பார்க்க வேண்டும். ஒன்று, எஞ்சினின் முன்பின் உதைப்பு அமுக்க விசையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். உதைப்பு அதைத் தாண்டினால்தான் டிராபார் பின்னில் இடைவெளி விழும், இடி கேட்கும். இரண்டு, வளைவு. என் பஃபர்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 100 மி.மீ. எஞ்சினும் டெண்டரும் 6 டிகிரி மடங்கினால் ஒரு பக்கம் 5 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் உள்ளே போகும், மறுபக்கம் அதே அளவு வெளியே வரும். அப்படியானால் முன்கூட்டி அமுக்குவது 5க்கு மேல் இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் வெளிப்பக்கப் பஃபர் தொடுவதை விட்டுவிடும். நான் 8 வைத்தேன். 5 மி.மீ. கம்பி, சுருளின் சராசரி விட்டம் 25, வேலை செய்யும் சுற்று 6. இதற்கு ஒரு மி.மீ.க்கு ஏறத்தாழ 66 நியூட்டன் வரும். 8 மி.மீ.க்கு ஒரு பக்கம் சுமார் 54 கிலோ. இரண்டு முனைச் சுற்றும் சேர்த்து முழுக்க அமுங்கிய நீளம் 40, அதனால் விரிந்த நீளம் 58 எடுத்தேன். வளைவிலும் சுற்றும் சுற்றும் முட்டாது.

தேய்மானத் தகட்டை எஞ்சின் பக்கம் போல்ட் போட்டு மாட்டுங்கள், வெல்டு வைக்காதீர்கள். தகட்டைப் பிளஞ்சரைவிடக் கடினமாக வைத்தால் பிளஞ்சர் தேயும், மாற்றிவிட்டால் ஒரு பாகத்தோடு வேலை முடிந்தது. ஷிம்மை லாட வடிவில் வெட்டுங்கள். போல்ட்டைத் தளர்த்தினால் போதும், முழுக்கக் கழற்றாமல் பக்கவாட்டில் செருகிவிடலாம். கிரீஸ் நிப்பிளைப் பிளஞ்சரில் வைக்காமல், செம்புக் குழாய் போட்டுத் தரைப் பலகை ஓரத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கைக்கு எட்டாத நிப்பிளில் யாரும் கிரீஸ் அடிப்பதில்லை. ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருக்கும் இடத்தில் சும்மா கடையில் வாங்கிய போல்ட்டை நம்பிவிடாதீர்கள், நல்ல ஹை டென்சைல் (அதிக வலுவுள்ள எஃகு) போல்ட் போடுங்கள். முகத்துக்கு நேராக நின்று நட்டைத் திருகவும் வேண்டாம்.

கரிப்படி ஃபயர்மேன்

லேத் தம்பி, கணக்கெல்லாம் அருமை. ஆனால் பெரிய எஞ்சினில் உங்கள் நட் இருக்கும் இடத்துக்கு மேலேதான் தண்ணீர்த் தொட்டி. எந்நேரமும் சொட்டிக்கொண்டிருக்கும், கரித்தூளும் சேர்ந்து இறங்கும். தேவைப்படும் நாளில் அந்த நட் துருப்பிடித்து ஸ்பேனருக்கு அசையாது. மரைக்கு மூடி போட்டு உள்ளே கிரீஸ் அடைத்து வைத்தால்தான் உதவும். வளைவுக் கணக்கும் பெரிய அளவில் பயமுறுத்தும். பஃபர்கள் 600 மி.மீ. தள்ளியிருந்து வெறும் 3 டிகிரி மடங்கினாலே பக்கத்துக்கு 16 மி.மீ. போய்வர வேண்டும்.

ஒஹாயோ தமிழன்

அந்த 16 மி.மீ. தொல்லையே இல்லாமல் செய்தவர்கள் அமெரிக்காக்காரர்கள். ஃபிராங்க்ளின் ரேடியல் பஃபர் என்று ஒன்று. இங்கே ஒரு ரயில் அருங்காட்சியகத்தில் டெண்டரைத் தள்ளி நிறுத்தியிருந்தபோது நேரில் பார்த்தேன். இரண்டு பஃபர் இல்லை, நடுவில் அகலமாக ஒன்றே ஒன்று. அதன் முகம் டிராபார் பின்னை மையமாக வைத்துக் கடைந்த வளைவு. எஞ்சின் திரும்பினால் முகமும் முகமும் வழுக்கிக்கொண்டு போகும், இடைவெளி மாறாது. அதனால் வளைவுக்காக ஸ்பிரிங் நீள வேண்டிய அவசியமே இல்லை. ஆட்டத்தை அடக்குவது அந்தப் பெரிய முகங்களின் உராய்வு. கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். விளிம்பில் எண்ணெய் வாய்க்கால்கள் அப்படியே இருந்தன. முகத்தின் நடுவில் மட்டும் லேசாகக் குழிந்திருந்தது. அந்த எஞ்சின் நேர்ப்பாதையில் ஓடிய காலமெல்லாம் அதில் தெரிந்தது.

மிட்லண்ட்ஸ் வாசி

நல்ல தகவல். ஆனால் அந்த ஒற்றை பஃபரைக் கழற்றவும் டெண்டரைப் பிரித்தே ஆக வேண்டும் அல்லவா? பிட்லைன் ஐயா, உங்கள் ஷெட்டில் அப்புறம் என்ன செய்தீர்கள்? அந்த முறையையே தொடர்ந்தீர்களா?

பிட்லைன் ஃபிட்டர்

தொடரவில்லை. சார்ஜ்மேனிடம் போய், நெருக்க எஞ்சின் வேண்டாம், வேறு வழி பார்க்கிறேன் என்றேன். டிராபாருக்கு இரண்டு பக்கமும், அது அறுந்தால் பிடிப்பதற்கு, சேஃப்டி லிங்க் இருக்கும் இல்லையா? அவை எப்போதும் தொளதொளவென்று தொங்குவதால் அதன் பின்கள் கையாலேயே வந்துவிடும். அந்த இரண்டு இடத்திலும் லிங்க்கை எடுத்துவிட்டு ஸ்குரூவை மாட்டினால் என்ன என்று தோன்றியது. பக்கத்து பிராட் கேஜ் யார்டில் பெட்டிகளை இணைக்கும் ஸ்குரூ கப்ளிங்குகள் கழித்துப் போட்டுக் கிடந்தன. ஒரு பாதி வலமரை, ஒரு பாதி இடமரை. அந்த ஸ்குரூவை எடுத்துக் கொல்லுப்பட்டறையில் கொடுத்து, எங்கள் பின் அளவுக்கு இரண்டு முனையிலும் கண் அடித்து வாங்கினோம். பக்கத்துக்கு ஒன்று.

மாட்டித் திருகினால் எஞ்சினும் டெண்டரும் தானாக நெருங்கும். நெருங்கிய இடத்தில் நிற்கும், யார் பிரேக்கையும் நம்ப வேண்டியதில்லை. நடு பின் கையோடு வரும். அப்புறம் ஸ்குரூவை மெதுவாகத் தளர்த்தினால் ஸ்பிரிங் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து சாந்தமாகிவிடும். துவாரத்தில் விரல் விடுவதை அன்றோடு நிறுத்தினோம், கண்ணாடித் துண்டும் டார்ச்சும் வைத்துப் பார்ப்போம்.

யாராவது செய்வதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். இரண்டு ஸ்குரூவையும் மாற்றி மாற்றி அரைச் சுற்றுதான் திருக வேண்டும். ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்க இடைவெளியையும் உள்காலிப்பர் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கூடுதலாக நெருங்கிவிட்டால் டிராபார் கோணலாகி பின் மறுபடியும் கவ்விக்கொள்ளும்.